முள்ளை எண்ணிச் செடியை அறிதல்

பங்குனி வெயிலில் ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையடிவாரத்தில் போய் நின்று பாருங்கள். செடிகளின் படப்புத்தகம் கையில் இருந்தாலும் அங்கே அது உதவாது. படத்தில் இலை இருக்கும், பூ இருக்கும். எதிரே நிற்கும் புதரில் இரண்டுமே இருக்காது. சாம்பல் நிறக் கொப்புகளும் முள்ளும்தான் மிச்சம். புதிதாக வருபவர் எல்லாவற்றையும் "முள்ளுச்செடி" என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஆடு மேய்ப்பவருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. தூரத்திலிருந்தே "அது காரை, இது விடத்தேரை" என்று சொல்லிவிடுவார். இலை உதிரும், பூ வாடும், காய் விழும். முள் ஆண்டு முழுவதும் அதே இடத்தில் இருக்கும். ஒரு கணுவில் எத்தனை முள், அது நேரா கொக்கியா, எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால் கோடையிலும் முக்கால்வாசிப் புதர்களுக்கு நீங்கள் பெயர் சொல்லிவிடலாம். அதைக் கற்றுத் தருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

எங்கே போவது, எப்போது போவது

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டியவை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம்பிக்கை. அதனால் மலையுச்சியில் சோலை இருந்தாலும் அடிவாரத்தில் முட்காடுதான். வில்லி என்ற வேடன் காட்டைத் திருத்தி ஊராக்கினான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலபுராணம் சொல்கிறது. அவன் திருத்தியது எந்த மாதிரிக் காடு என்று ஊருக்கு வெளியே இன்றும் பார்க்கலாம்.

பழக ஏற்ற இடங்கள் சஞ்சீவி மலையைச் சுற்றிய பொட்டல், அய்யனார் கோயில் சாலையோரம், செண்பகத்தோப்புக்குப் போகும் வழியிலுள்ள தோப்புவேலிகள், ஊர்க் கண்மாய்க் கரைகள். மலைக்குள் இறங்க வேண்டாம். இந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகக்கூடாது. அடிவாரத் தோப்புகளுக்கு யானை வந்துபோகும் என்பதால் விடியுமுன்பும் பொழுது சாய்ந்த பிறகும் தனியாக அலையாதீர்கள். காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை சரியான நேரம்.

ஒரே புதரை ஆண்டில் இரண்டு முறை பாருங்கள். மாசி, பங்குனியில் முள்ளை எண்ணுங்கள். கார்த்திகையில் அதே இடத்துக்கு வந்து இலையையும் பூவையும் பார்த்து, சொன்ன பெயர் சரியா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

எதைக் கொண்டுபோவது

தடித்த அடி கொண்ட செருப்பு அல்லது பூட்ஸ் வேண்டும். சீமைக்கருவேல முள் சைக்கிள் டயரையே துளைக்கும். ரப்பர் செருப்பு எம்மாத்திரம்? முழுக்கைச் சட்டை, ஒரு முழ நீளக் குச்சி, தண்ணீர், ஒரு முள்வாங்கி. பழைய ஆட்டுக்காரர்கள் முள்வாங்கியை அரைஞாண் கயிற்றிலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது கடையில் கிடைக்கும் சிறு இடுக்கி போதும். கொப்பைக் கையால் இழுக்காதீர்கள். குச்சியால் வளைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று சோதனைகள்

எந்தப் புதரானாலும் இதே வரிசையில் பாருங்கள்.

முதலாவது, எண்ணுதல். இலை கிளம்பும் இடம் கணு. இலை உதிர்ந்திருந்தாலும் அதன் தழும்பு தெரியும். அங்கே எத்தனை முள்? ஒன்றா, இரண்டா, நான்கா, ஆறா? குறைந்தது பத்துக் கணுக்களை எண்ணுங்கள். ஒரு கணுவில் முள் ஒடிந்திருக்கலாம், பத்திலும் ஒடிந்திருக்காது.

இரண்டாவது, வளைவு. முள் நேராக நீட்டிக்கொண்டிருக்கிறதா, கொக்கி போல வளைந்திருக்கிறதா? நேர்முள் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் செடிக்கு. கொக்கிமுள் பெரும்பாலும் மற்றொன்றின் மேல் தொற்றி ஏறும் செடிக்கு.

மூன்றாவது, தள்ளுதல். குச்சி நுனியால் முள்ளைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ரோஜா முள்ளைப் போல மேல்தோலோடு சட்டென்று பெயர்ந்து வந்தால் அது தோலில் முளைத்தது. பெயராமல் கட்டைபோல முறிந்தால் அது கொப்பே முள்ளாக மாறியது. கணுவில் இலைத்தழும்பின் இருபுறமும் சோடியாக இருந்தால், இலையடிச் செதில்கள் முள்ளாக மாறியவை. வேல மரங்களுக்கும் இலந்தைக்கும் இப்படித்தான்.

ஒரு முள்

விடத்தேரை: பக்கக் கொப்பே நுனியில் கூராகி முள்ளாக முடியும். மழைக்குப் பிறகு பார்த்தால் முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருக்கும். முள் என்பது உண்மையில் கொப்புதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பூங்கொத்து தொங்கும், மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். காய்கள் சுருண்டு முறுக்கிக் கொத்தாக இருக்கும்.

முட்கிளுவை: இதிலும் கொப்பின் நுனியே முள். மேல்பட்டை மெல்லிய தாளாக உரிய, உள்ளே பச்சை தெரியும். இலையைக் கசக்கினால் வாசம் வரும். குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. தோட்டத்தைச் சுற்றி ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் நின்றால் யாரோ போத்து வெட்டி நட்டது என்று பொருள். காட்டில் தானாக வளர்ந்தது இப்படி வரிசை பிடித்து நிற்காது.

சூரை: கணுவுக்குப் பெரும்பாலும் ஒரே முள், அதுவும் கொக்கி. பக்கத்து மரத்தின் மேல் ஏறிக் கிடக்கும். சட்டையைப் பிடித்தால் முன்னே இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். வந்த வழியே ஓரடி பின்வாங்கினால் தானாக விடும். பழம் சிறியது, கருப்பு, புளிப்பும் இனிப்புமாக இருக்கும்.

இரண்டு முள்

அடிவாரத்தில் அதிகம் இருப்பது இந்த வகை. குழப்பமும் இங்கேதான் அதிகம்.

இலந்தை: இரண்டு முள்ளும் ஒரே மாதிரி இருக்காது. பெரும்பாலான கணுக்களில் ஒன்று நேராக நீட்டியிருக்கும், மற்றது கொக்கியாக வளைந்திருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே இலந்தையைக் காட்டிக்கொடுக்கும். இலை கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், அடிப்புறம் வெண்பஞ்சு பூசியதுபோல இருக்கும்.

காரை: இரண்டும் நேர்முள், கொப்பின் இருபுறமும் எதிரெதிராக, இலை கிளம்பும் இடத்துக்குச் சற்று மேலே. அடுத்த கணுவில் அந்தச் சோடி குறுக்காகத் திரும்பியிருக்கும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும். பழம் மஞ்சள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பழம். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்புக் காரைக்கும் இந்தக் காரைக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

களா: இதிலும் எதிரெதிர் நேர்முட்கள்தான். ஆனால் சில முட்கள் நுனியில் இரண்டாகக் கவைத்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஓர் இலையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் களா, வராவிட்டால் காரை. பூ மல்லிகை போல வெள்ளை, மணக்கும். காய் சிவந்து பிறகு கறுக்கும். ஊறுகாய்க்குக் காயைப் பறிப்பார்கள்.

ஆதொண்டை: இரண்டும் கொக்கி. பூ வெள்ளையாக மலர்ந்து, வாடும்போது சிவக்கும். இந்தக் கொடியைச் சுற்றி வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் பறந்தால் வியப்பில்லை. அவற்றின் புழுக்களுக்கு இதன் இலைதான் சாப்பாடு.

வேல வகைகள்: எல்லாவற்றுக்கும் கணுவில் இரண்டு முள். அதனால் எண்ணிக்கை இங்கே போதாது. பூவையும் உருவத்தையும் பார்க்க வேண்டும். கருவேலத்துக்குப் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாலைபோல இடையிடையே ஒடுங்கியிருக்கும். வெள்வேலத்தின் பட்டை வெளிறியிருக்கும். உடை என்றும் குடைவேல் என்றும் சொல்லும் மரம் உச்சியில் தட்டையாக, விரித்த குடைபோல நிற்கும். சீமைக்கருவேலத்துக்குப் பூ உருண்டையாக இருக்காது, விரல்போல நீண்ட கதிராக இருக்கும். காய் சதைப்பற்றோடு இனிக்கும், ஆடு மாடு தின்னும், சாணத்தோடு விதை போய் விழுந்து முளைக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரம் கண்மாய்களை எப்படிப் பிடித்தது என்பதற்கு அந்த இனிப்பே பாதிப் பதில்.

சதுரக்கள்ளி: பட்டை பட்டையான பச்சைத் தண்டின் விளிம்பில் சோடி சோடியாக முள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. எக்காரணம் கொண்டும் ஒடித்துப் பார்க்காதீர்கள்.

நான்கு முள்

சங்கஞ்செடி. சங்கு, இசங்கு என்றும் சொல்வார்கள். நான்கு முள்ளுக்குப் புகழ்பெற்றது இது ஒன்றுதான் என்பதால் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் இதிலிருந்தே தொடங்கலாம். இலைகள் எதிரெதிர், ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் இரண்டு முள், ஆகக் கணுவுக்கு நான்கு. தாவரவியலில் இதற்கு வைத்த பெயரின் பின்பாதி 'டெட்ராகாந்தா'. கிரேக்கத்தில் அதற்கு நான்கு முள் என்றே பொருள். பெயர் வைத்தவரும் எண்ணித்தான் வைத்திருக்கிறார். சில கணுக்களில் இரண்டே இருக்கும், அதனால்தான் பத்துக் கணு எண்ணச் சொன்னேன்.

கோடையில் சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்க, தரையோடு தரையாகக் கவிழ்த்த கூடைபோல ஒரு பச்சைப் புதர் தெரிந்தால் அது பெரும்பாலும் சங்கு. இலை விறைப்பானது, அதன் நுனியும் குத்தும். பழம் வெள்ளை உருண்டை, பறவைகளுக்குப் பிடித்தது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால் எல்லாப் புதரிலும் பழத்தைத் தேடாதீர்கள்.

ஆறு முள்

நீர்முள்ளி. இதைக் காண மலையடிவாரத்தை விட்டுக் கண்மாய்க்கு வர வேண்டும். தண்ணீர் வற்றிய ஓரத்தில், கணுவைச் சுற்றி வட்டமாக ஆறு மஞ்சள் முட்கள், நடுவில் நீலம் கலந்த ஊதாப் பூ. செடி காய்ந்த பிறகும் முள் வளையம் அப்படியே நிற்கும். கண்மாய்க்குள் வெறுங்காலோடு இறங்கியவர்களுக்கு இந்த எண்ணிக்கையைச் சொல்லித் தரத் தேவையில்லை.

எண்ண முடியாதவை

முள் கணுவில் மட்டும் இல்லாமல் தண்டெங்கும் சிதறிக் கிடந்தால் அது தோலில் முளைத்த முள். தள்ளிப் பார்த்தால் பெயரும். தூதுவளையின் தண்டிலும் இலையிலும் சிறு கொக்கிகள். இண்டு கொடிக்கு நீண்ட தண்டு முழுதும் கொக்கிகள். மரத்தின் மேல் ஏறிப் படரும். கண்டங்கத்திரி தரையில் ஒட்டிப் படர்ந்து, இலையின் மேலும் கீழும் மஞ்சள் ஊசிகளை நிறுத்தியிருக்கும். பூ கத்தரிப்பூ போலவே இருக்கும், இரண்டும் ஒரே குடும்பம்.

சப்பாத்திக்கள்ளி தனி. கள்ளி என்று பெயர் இருந்தாலும் சதுரக்கள்ளிக்கு உறவில்லை. இதற்குப் பால் கிடையாது. இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தென்னிந்திய மேய்ச்சல் நிலங்களை அடைத்துக் கிடந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. தட்டையான மடலில் வெண்பஞ்சு அப்பியதுபோல இருந்தால் அந்தப் பூச்சிதான். பெரிய முள்ளைவிட அதன் அடியிலுள்ள மயிர்போன்ற சிறுமுட்கள்தான் தொல்லை. விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது.

புதர் ஏன் மெத்தையாகிறது

எண்ணிப் பழகிய பிறகு ஒன்று கவனத்துக்கு வரும். மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் இலந்தையும் உடையும் காரையும் முழங்கால் உயரத்தில், கத்தரித்து விட்டதுபோல உருண்டையாக நிற்கின்றன. அதே செடி வேலிக்குள் இருந்தால் ஆளுயரத்துக்கு மேல் போகிறது. கத்தரித்தது வெள்ளாடு.

ஆடு கொழுந்தைக் கடிக்கிறது. நுனி போனதும் கீழே தூங்கிக்கொண்டிருந்த பக்க மொட்டுகள் விழிக்கின்றன. ஒரு கொப்பு இருந்த இடத்தில் மூன்று வருகிறது. அவற்றையும் கடிக்கிறது. இப்படியே சில ஆண்டுகளில் ஆட்டின் மூக்கு நுழைய முடியாத முள் உருண்டை உருவாகிவிடுகிறது. அதன் விளிம்பில்தான் இனி மேய முடியும். உருண்டை அகலமாகி, நடுக்கொப்பு ஆட்டுக்கு எட்டாத தூரத்துக்கு வந்த ஆண்டில் அது சட்டென்று மேலே கிளம்பி மரமாகிவிடும். இடுப்பில் பாவாடை கட்டியதுபோல அடியில் புதரும் மேலே மரமுமாக நிற்கும் உடைமரங்களுக்கு இதுதான் கதை.

மேய்ச்சல் இல்லாமலே இப்படி மெத்தையாக வளரும் செடிகள் வேறு நாடுகளில் உண்டு. ஸ்பெயின், மொராக்கோ நாடுகளின் உயர்ந்த சுண்ணாம்பு மலைகளில் வளரும் எரினேசியா அவற்றில் ஒன்று. அவரைக் குடும்பம், ஊதாப் பூ, ஒரு அடி உயரம்கூட அரிது. அங்கே குளிர்காற்றும் பனியும் கோடை வறட்சியும் சேர்ந்து செடியைத் தரையோடு அழுத்துகின்றன. இறுகிய மெத்தைக்குள் காற்று புகாது, ஈரம் சற்றுத் தங்கும். ஸ்பெயினில் அதைக் கன்னியாஸ்திரியின் தலையணை என்று கேலியாகச் சொல்வார்கள். எரினேசியா என்ற பெயரோ முள்ளெலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

நம் மலை சுண்ணாம்பு மலையல்ல, கருங்கல் மலை. விருதுநகர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சமவெளியில், பந்தல்குடிப் பக்கம், சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டும் நிலத்தில் கிடக்கிறது. இங்கே பனியும் கிடையாது. ஆனால் வறட்சி உண்டு, ஆட்டின் வாய் உண்டு. அதனால் வேறு செடிகள் அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எரினேசியாவுக்குப் பெயர் தந்த முள்ளெலியின் உறவும் இங்கே இருக்கிறது. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் முள்ளெலி இனம் தென்தமிழகத்தின் இதே முட்காடுகளில் பகலில் பதுங்கி, இரவில் பூச்சி பிடிக்கிறது.

முள் தைத்தால்

உடனே பிடுங்காதீர்கள், எந்தப் பக்கம் சாய்ந்து ஏறியிருக்கிறதோ அதே சாய்வில் முள்வாங்கியால் இழுங்கள். இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். உள்ளே ஒடிந்து நின்றாலோ, மூட்டுக்குப் பக்கத்தில் ஆழமாக ஏறியிருந்தாலோ, மறுநாள் வீக்கமோ வலியோ கூடினாலோ ஊசியால் நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று அவர் கேட்பார், நினைவில் வைத்திருங்கள்.

சப்பாத்தியின் சிறுமுட்களைத் தேய்க்காதீர்கள், இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிப் பிரியுங்கள். மிச்சத்தை முள்வாங்கியால் எடுங்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கையிலிருக்கும் தண்ணீர் அத்தனையையும் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வேறு கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

வெட்டுமுன் எண்ணுங்கள்

நிலம் வாங்கியவர்கள் முதலில் செய்வது ஜே.சி.பி. வைத்து "முள்ளை எல்லாம்" வழிப்பது. சீமைக்கருவேலத்தோடு காரையும் களாவும் சங்கும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஒரு காலை நேரம் செலவழித்து எண்ணிப் பாருங்கள். இரண்டு முள்ளும் கதிர்ப்பூவும் உள்ளதை வேரோடு எடுக்கலாம். நான்கு முள்ளை விட்டுவையுங்கள். எல்லையில் நிற்கும் காரையையும் களாவையும் இணைத்து, இடைவெளியில் மழைக்கு முன் கிளுவைப் போத்து நட்டால் கம்பிவேலிச் செலவு குறையும். கன்றுகளைச் சுற்றி நாமே முள் வெட்டி வந்து அடைக்கிறோம். அந்த வேலையைச் செய்ய உயிரோடு ஒரு புதர் ஏற்கெனவே நிற்கும்போது அதை வெட்டுவானேன்?

கைக்குறிப்பு

- ஒன்று, கொப்பு நுனியில், இலை சுமக்கும்: விடத்தேரை
- ஒன்று, கொப்பு நுனியில், உரியும் பட்டை, வாசம்: முட்கிளுவை
- ஒன்று, கொக்கி: சூரை
- இரண்டு, ஒன்று நேர், ஒன்று கொக்கி: இலந்தை
- இரண்டு, எதிரெதிர், பால் இல்லை: காரை
- இரண்டு, எதிரெதிர், பால் உண்டு, சில முட்கள் கவை: களா
- இரண்டும் கொக்கி: ஆதொண்டை
- இரண்டு, பட்டைத் தண்டின் விளிம்பில்: சதுரக்கள்ளி (தொடாதீர்கள்)
- இரண்டு, உருண்டைப் பூ: கருவேல், கதிர்ப் பூ: சீமைக்கருவேல்
- நான்கு: சங்கு
- ஆறு, கண்மாயோரம்: நீர்முள்ளி
- சிதறல், தள்ளினால் பெயரும்: தூதுவளை, இண்டு

பயிற்சி

மேய்ச்சல் பொட்டலில் பெரிய முள் உருண்டை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்துக் கணு எண்ணி அதன் பெயரை எழுதுங்கள். பிறகு குந்தி உட்கார்ந்து, குச்சியால் விளிம்பை விலக்கி உள்ளே பாருங்கள். நடுவில் முள்ளே இல்லாத ஒரு செடி நிற்கிறதா? பல புதர்களில் வேப்பங்கன்று இருக்கும். மேலே வந்து உட்கார்ந்த பறவை போட்ட விதை, ஆடு எட்டாத இடத்தில் முளைத்திருக்கிறது. அது எத்தனை விரல்கடை உயரம் என்று குறித்து வையுங்கள். கார்த்திகையில் திரும்பி வரும்போது முதலில் அளக்க வேண்டியது அதைத்தான்.